ஐந்தாவது பிளேடு

மாடிக்குப் போன நாச்சிமுத்து போனவன் போனவன்தான். பிளேடு எடுக்கப் போனானா, இரும்பை உருக்கிப் பிளேடு அடிக்கப் போனானா, யாருக்குத் தெரியும். கமலவேணி கல்லாவுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, மடியிலிருந்த துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி தலைக்கு மேலே சுற்றுகிற விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கை ஓரமெல்லாம் பஞ்சு. திருப்பூரில் பஞ்சு படியாத விசிறி கிடையாதுதான், அதற்காக இப்படியா, தொட்டால் தலகாணி தைக்கலாம் போல. துடைக்கத் துணிக்கா பஞ்சம் இந்த ஊரில். துடைக்கிற புத்தி இருக்க வேண்டும். அந்தப் புத்தி இருக்கிறவனாக இருந்தால் ஐந்து பிளேடு என்று அச்சடித்த டப்பாவில் நாலைப் போட்டு விற்பானா. அதைக் கேட்டதற்குத்தான் முகத்தை அப்படித் தூக்கி வைத்துக்கொண்டு போனான். "கம்பெனி சீல் வெச்ச டப்பாங்கம்மா, நான் எங்கிருந்து எடுக்கறதுங்" என்றான். சீலாம் சீல். சீலைப் பிரித்துத் திரும்ப ஒட்டத் தெரியாதவன் எவன் இந்த வீதியில் கடை வைத்திருக்கிறான். வீட்டில் மழுங்க மழுங்க ஒவ்வொன்றாய் எடுத்து மாட்டினாள், எண்ணித்தான் மாட்டினாள், நாலாவது எடுத்ததும் டப்பா காலி. கவிழ்த்துத் தட்டினாள், ஒன்றுமில்லை. அதைச் சொன்னால் பக்கத்து ஸ்டூல்காரி வேறு திரும்பிப் பார்க்கிறாள். அரை மணியாக லேஸ் பொறுக்குகிறாள் மகராசி. ஒரு ரோஸ் ஜாக்கெட் துணிக்கு ஒரு முழ லேஸ். கையில் சுற்றிப் பார்க்கிறாள், கழுத்தில் வைத்துப் பார்க்கிறாள், செல்போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்புகிறாள், அந்த யாரோ பதில் போடும்வரை கடைக்காரனின் பெட்டிகளெல்லாம் திறந்து கிடக்க வேண்டும். அவளுக்கு அந்த லேஸே வேண்டாம். இங்கே ஏசி இருக்கிறது என்று வந்திருப்பாள், ஏசியும் ஓடவில்லை, விசிறி மட்டும். "இந்த ரோஸுக்கு இது எடுப்பா இருக்குங்களா?" என்று இவளையே கேட்டாள். "நல்லாருக்கு" என்றாள் கமலவேணி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டலாம், நல்லாத்தான் இருக்கும்.

பையைத் தடவினாள். உள்ளே கட்டர் கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது. மஞ்சள் பிடி, முனையில் சக்கரம் மாதிரி உருளுகிற பிளேடு. ரோட்டரி கட்டர் என்று டப்பாவில் போட்டிருக்கும், வீட்டில் அதற்குப் பேர் சக்கரம். எக்ஸ்போர்ட்டுக்குப் போய் மிஞ்சின பனியன் துணியை மூட்டையாய் வாங்கி, சதுரம் சதுரமாய் வெட்டி, ஒட்டுப்போட்டுக் குழந்தைப் போர்வை தைக்கிற வேலை. பனியன் துணியைக் கத்திரியால் வெட்டுகிறவள் மூளை கெட்டவள், அது இழுத்த இழுப்புக்கு வரும், வெட்டி முடித்தால் சதுரம் கோணலாய்ச் சிரிக்கும். சக்கரம் அப்படியில்லை. பச்சைப் பாய் மேலே துணி, துணி மேலே கண்ணாடி ஸ்கேல், ஸ்கேலை இடது கை அழுத்த, வலது கை ஒரே இழுப்பு. நாலு மடிப்பும் ஒரு சத்தத்தில் விழும். அந்தச் சத்தம்தான் வேலை. அது கமலவேணியின் கைக்குத்தான் வரும், வீட்டில் வேறு எவள் கைக்கும் வராது, ஏனென்றால் வேறு எவளையும் அவள் தொட விட்டதில்லை. வேறு எவள் என்றால் ஒருத்திதான், கொழுந்தன் பெண்டாட்டி பூங்கோதை. தைப்பாள், மாடு மாதிரி தைப்பாள், ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள், அதெல்லாம் சரி. சக்கரத்தைத் தொடக்கூடாது. ஒரு தடவை பையனின் பள்ளிக்கூட சார்ட் அட்டையை அதில் வெட்டப் போனாளே, கமலவேணி மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் பிளேடு அன்றைக்கே போயிருக்கும். துணி வெட்டுகிற பிளேடில் காகிதம் வெட்டலாமா, அது குடிக்கிற தண்ணியில் கால் கழுவுகிற மாதிரி. சொன்னால் "தெரியாதுங்க்கா" என்பாள். எதுதான் தெரியும். பிளேடு மழுங்கினால் சமையல் அறையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை மடித்து மடித்து வெட்டினால் கூர் வரும் என்று யூடியூபில் எவளோ சொன்னாளாம், அதை வந்து சொல்கிறாள், கண்ணை அகல விரித்துக்கொண்டு. வரும்டி, வரும், நாலு இழுப்புக்கு வரும், அஞ்சாவது இழுப்புக்கு உன் யூடியூப்காரியா வந்து வெட்டுவாள். பிளேடு என்றால் மாற்ற வேண்டும். திருகாணியைக் கழற்றினால் வளைந்த வாசர் எந்தப் பக்கம் குழிந்து இருந்தது என்று ஞாபகம் வைக்க வேண்டும், உள்ளே சேர்ந்த பஞ்சை பிரஷால் தட்ட வேண்டும், மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ரொம்ப இறுக்கக்கூடாது, ரொம்பத் தளர்த்தவும் கூடாது, பழைய பிளேடை டேப் சுற்றித் தகர டப்பாவில் போட வேண்டும், குப்பையில் எறிந்தால் குப்பை பொறுக்குகிறவள் கை போகும். இவ்வளவும் ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தால் போதாதா ஒரு வீட்டில்.

ஆனால் விட்டு விட்டு வெட்டுகிறது. பத்து நாளாய் விட்டு விட்டு வெட்டுகிறது. புது பிளேடு, டப்பாவில் கடைசியாய் இருந்த பிளேடு, அவளே துடைத்து அவளே மாட்டினது, மாட்டின அன்றைக்கே இழுத்தால் சக்கரம் சரியாய் உருளாமல் கனத்தது, நடுவில் நாலு இழை வெட்டாமல் நின்றது, இன்னும் கொஞ்சம் தள்ளி இரண்டு இழை. கீழே குனிந்து கத்திரியால் அந்த இழைகளை ஒவ்வொன்றாய் நறுக்கினாள், பூங்கோதை பார்க்காத நேரத்தில். டூப்ளிகேட் சரக்கு. நாச்சிமுத்துவின் டூப்ளிகேட் சரக்கு, அவன் அப்பனும் இப்படித்தான், ஊசியில் காது இல்லாமல் விற்றவன். இல்லையென்றால் பூங்கோதை. இவள் கோயிலுக்குப் போன நேரத்தில் எடுத்து அட்டையோ சார்ட்டோ வெட்டியிருக்கிறாள், டப்பாவில் காணாமல் போன ஐந்தாவதும் அவள் பையனின் பென்சில் டப்பாவில்தான் இருக்கும். கேட்டாள் அதையும். "சத்தியமா நான் தொடலீங்க்கா" என்று கண் கலங்கினாள். கலங்கும், கலங்கும், கண்ணுக்கென்ன, அது எதற்கும் கலங்கும். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, எவனையோ எவளையோ திட்டிக்கொண்டு நிம்மதியாய் இருந்திருப்பாள். ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும், தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாய் இருந்திருக்கும். பிளேடில் பல் விழுந்திருந்தால், குண்டூசி மேலே ஏறியோ கீழே விழுந்தோ விளிம்பு உடைந்திருந்தால், அது ஒரே இடைவெளியில் விடும். சக்கரம் ஒரு சுற்று சுற்றி அந்த உடைந்த இடம் கீழே வரும்போதெல்லாம் விடும், அளந்து வைத்த மாதிரி விடும். இது அப்படி விடவில்லை. இங்கே ஒன்று, அங்கே இரண்டு, அப்புறம் நெடுந்தூரம் ஒன்றுமில்லை, அப்புறம் மூன்று. அப்படி விடுகிறது பிளேடு இல்லை. அப்படி விடுகிறது கை. நினைத்ததும் விசிறியை விட்டுக் கையைப் பார்த்தாள். பையின் மேலே சும்மா கிடந்தது. நல்ல கை, விரல் நீளம், ஒரு நடுக்கம் இல்லை. நேற்று ராத்திரி எல்லாரும் டிவி பார்க்கையில் சமையல் அறையில் கையை நீட்டி அதன் மேல் பழைய கரண்ட் பில்லை வைத்துப் பார்த்தாள், காகிதம் ஆடவில்லை. தண்ணீர்க் கேனை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள், தூக்கிற்று. அப்படியானால் கை இல்லை. கை இல்லையென்றால் ஏன் விடுகிறது. இழுக்கிறபோது கடைசியில் அழுத்தம் குறைகிறதா, அதுவும் அவளுக்கே தெரியாமலா.

தெரியாமல் எது நடக்கும். அண்ணன் குமாரசாமிக்கு நடந்தது. அந்தப் பெரிய மனுஷனுக்குச் செருப்புக்குள்ளே கூழாங்கல் கிடந்ததுகூடத் தெரியாமல் பெருமாநல்லூர் சந்தை முழுக்க நடந்தார், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் பாதத்தில் பள்ளம். சர்க்கரை வந்தால் அப்படித்தான், உணர்ச்சி போய்விடும் என்று டாக்டர் சொன்னானாம். கமலவேணி சிரித்தாள் அன்றைக்கு, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சிரித்தாள். நாடகம். அந்த ஆள் பிறந்ததிலிருந்தே நாடகம், சின்ன வயதில் சளி பிடித்தால் செத்துப்போகிற மாதிரி படுப்பார், கல்லு குத்தினது தெரியவில்லையாம், மனுஷன் தானே, மரக்கட்டையா. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தத் தெரியாத ஆளுக்கெல்லாம் இப்படித்தான் ஒரு பேர் வைத்துச் சொல்வார்கள். அவளுக்கும் சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, எல்லாருக்கும் இருக்கிறது இந்த ஊரில், ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவாள், அதற்காகச் செருப்பில் கல்லோடா நடக்கிறாள். அவள் கை உழைக்கிற கை. ரெண்டு வாரத்துக்கு முன்னே பூங்கோதை அடுப்பிலிருந்து இறக்கின காபியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஊஃப் ஊஃப் என்று ஊதிக்கொண்டு வந்தாள், மகாராணி மாதிரி. கமலவேணி வெறும் கையால் வாங்கி, அப்படியே பிடித்துக்கொண்டு பாதி டம்ளர் குடித்தாள். "சுடலீங்களாக்கா?" என்று வாயைப் பிளந்தாள் அவள். "உன்னாட்டம் பூக்கையா எனக்கு" என்றாள் கமலவேணி. அன்றைக்கு முழுக்க அது ஒரு சந்தோஷமாய் இருந்தது. பூ என்று பேரிலேயே இருக்கிறது, கையும் அப்படித்தான் இருக்கும். அந்தக் கையிலா சக்கரத்தைக் கொடுப்பது. இன்றைக்குக் காலையில் கேட்டாளே, கேட்டுவிட்டாளே, இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வியை. பெங்களூர்க் கடைக்காரியின் ஆர்டர் துணி மடித்து மடித்து அடுக்கியிருக்கிறது, ஒரே அளவு, ஒரே சதுரம், கோணினால் திருப்பி அனுப்பிவிடுவாள் அந்தக் கடைக்காரி, நல்ல வாயாடி. கமலவேணி பத்து நாளாய் அந்த அடுக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், வெட்டவில்லை. "நான் வேணா வெட்டிப் பாக்கட்டுங்களாக்கா, நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க" என்றாள் பூங்கோதை. மெதுவாய்த்தான் கேட்டாள், ரொம்ப மெதுவாய், இவளுக்கு ஏதோ நோய் வந்த மாதிரி. அந்த மெதுவு இருக்கிறதே, அதுதான் ஆகவில்லை. வெட்டுகிறவள் எழுந்து கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன, மூலையில் உட்கார்ந்து நூல் பிசிறு எடுக்கலாம், தைத்ததை எண்ணிக் கட்டலாம், பூங்கோதையின் சின்னக் குழந்தைக்கு மூக்குத் துடைத்து விடலாம். "பிளேடு சரியில்ல, கையா சரியில்ல?" என்று கத்தினாள். பூங்கோதை கையைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அது ஞாபகம் வந்து இப்போது காது சுட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து வேறொரு டப்பாவோடு இறங்கி வந்தான், தலையெல்லாம் தூசி, ஒட்டடை காதில் தொங்கியது, அதைக்கூடத் தட்டத் தெரியவில்லை. "இது வேற கம்பெனிங்கம்மா, உங்க கட்டருக்குச் சேருதான்னு பாக்கோணும். கட்டரைக் கொண்டாந்திருக்கீங்களா?" கொண்டு வராமல் என்ன, உன் முகத்தைப் பார்க்கவா வந்தேன். கைக்குட்டையைப் பிரித்து நீட்டினாள். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருகாணியைச் சுற்றினான், வாசரை எடுத்து மேசையில் வைத்தான், பிளேடை வெளியே எடுத்தான், எடுத்தவன் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். பிறகு கட்டைவிரல் நகத்தை விளிம்பில் கொடுத்து மெல்லத் தள்ளினான். பிளேடு நழுவி இன்னொரு பிளேடாகியது. இரண்டு வட்டம், எண்ணெய்ப் பளபளப்போடு, மேசை மேலே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"ரெண்டையும் சேத்து மாட்டியிருக்கீங்கம்மா. கம்பெனில எண்ணெய் போட்டு அடுக்குவாங்க, ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். இதா பாருங்க, உங்க அஞ்சாவது."

லேஸ்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். நாச்சிமுத்து வெற்றியோடு பல்லைக் காட்டினான், காட்டட்டும், முப்பத்திரண்டையும் காட்டட்டும், கமலவேணிக்கு அந்த நிமிஷம் அவன் பல்கூட அழகாய் இருந்தது. கை இல்லை. பிளேடுதான். இரண்டு பிளேடு ஒன்றாய் உருண்டால் எப்படி உருளும், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அங்கங்கே விடும், கனக்கும், எல்லாம் சரியாய் வருகிறது. பத்து நாளாய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிப் போயிற்று. வீட்டுக்குப் போய் அந்த அடுக்கை இன்றைக்கே வெட்டுவாள், ஒரே மூச்சில் வெட்டுவாள், பூங்கோதை நின்று பார்க்கட்டும், வாயைப் பிளந்துகொண்டு பார்க்கட்டும். மெதுவாய்ப் பேசினாளே, அந்த மெதுவையெல்லாம் இன்றைக்குச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடலாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சீ, இந்தக் கடையிலா, இவன் முன்னாலா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதைத்தான் டப்பாவுல எழுதி வெக்கறது, ஒட்டியிருக்கும் பாத்து எடுங்கன்னு. எவனுக்கு அக்கறை" என்றாள். நாச்சிமுத்து கோபப்படவில்லை. பழைய பிளேடு இரண்டையும் துணியில் துடைத்துக்கொண்டே, "எல்லாருக்கும் நடக்கறதுதானுங்க" என்றான், "ஆனா விரல்ல எடுக்கையிலயே தெரிஞ்சிருமே. ஒண்ணுன்னா காயிதமாட்டம் இருக்கும், ரெண்டுன்னா தடிப்பாத் தெரியும். நீங்க இத்தன வருசமா வெட்டறவங்க, உங்குளுக்குத் தெரியாதுங்களா."

தெரியாதா. அவள்தான் துடைத்தாள். டப்பாவிலிருந்து எடுத்து, பழைய பனியன் துணியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்து, மாட்டினாள். வேறு யாரும் இல்லை. அவசரம் இல்லை, கரண்ட் இருந்தது, குழந்தை அழவில்லை. எண்ணெய் வழுக்கியிருக்கும். துணியோடு பிடித்ததால் தெரிந்திருக்காது. ஆமாம், துணி. "குடுங்க இங்க" என்று பிளேடுகளை வாங்கினாள். இடது கையில் ஒற்றையை வைத்தாள், மற்றதோடு அவன் கொண்டுவந்த டப்பாவிலிருந்து புதுசு ஒன்றை எடுத்துச் சேர்த்து வலது கையில் பிடித்தாள், துணியில்லாமல், வெறும் விரலால். நிமிர்ந்து விசிறியைப் பார்த்தாள். இறக்கையில் பஞ்சு. தேய்த்தாள். வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஏதோ இருந்தது, அது இரும்பு, அது இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு என்று நினைத்தால் இரண்டு. ஒன்று என்று நினைத்தால் ஒன்று. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கையுறை போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரி எங்கேயோ தள்ளி இருந்தது. எண்ணெய், எண்ணெய்தான், இவன் சரியாய்த் துடைக்கவில்லை, விசிறியைத் துடைக்காதவன் பிளேடையா துடைப்பான்.

"ஏனுங்க" என்றாள் பக்கத்து ஸ்டூல்காரி. லேஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருந்தாள். "ஏனுங்க்கா, கையில ரத்தம்ங்க."

குனிந்து பார்த்தாள். கட்டைவிரலில் சின்னக் கோடு, அதிலிருந்து இறங்கி மணிக்கட்டு வரை வந்து, பை மேலே ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. புது பிளேடு கீறினால் எவளுக்கும் தெரியாது. அது உண்மை. அவளே பூங்கோதைக்குச் சொல்லியிருக்கிறாள், பார்த்து எடு, கீறினதே தெரியாது என்று. எந்தத் தையல்காரியைக் கேட்டாலும் சொல்வாள். அதை இந்த லேஸ்காரிக்கும் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயில் அந்தக் காபி டம்ளர் ஞாபகம் வந்து நின்றது. ஆவி பறந்தது அன்றைக்கு. பூங்கோதை இரண்டு மடிப்பு முந்தானையோடு பிடித்திருந்தாள், அப்படியும் விரலை மாற்றி மாற்றி வைத்தாள். இவள் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், சிரித்துக்கொண்டு. சுடவில்லை. உழைக்கிற கை என்பதால் இல்லை. சுடவேயில்லை. அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிக் காட்டினார், "சத்தியமாத் தெரியல வேணி" என்றார், அவள் சிரித்தாள்.

நாச்சிமுத்து ஓடி வந்து துணி கொடுத்தான், லேஸ்காரி அதை வாங்கி, கேட்காமலே கொள்ளாமலே, பிளேடுகளைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு இவள் விரலைச் சுற்றினாள். இறுக்கிச் சுற்றினாள் போலிருக்கிறது, நுனி வெளுத்தது. பைக்குள்ளே போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"அக்கா, கெடைச்சுதுங்களா?" பூங்கோதை. பின்னால் மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கெடைச்சுது."

"பிளேடுதானுங்களா கோளாறு?"

கமலவேணி மேசை மேலே கிடந்த வட்டங்களைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணுக்கு நன்றாய்த் தெரிந்தது.

"நான் வந்ததும் நீ மாட்டு."

"நானுங்களா?"

"பின்ன, உன் ஊட்டுக்காரனா? நீதான். டப்பாவுல ஒட்டியிருக்கும், ஒண்ணா ரெண்டான்னு விரலால பாத்து எடு. வாசர் குழிஞ்ச பக்கம் உள்ள வரோணும். அந்த ஆர்டரையும் நீயே வெட்டு."

"அக்கா, என்னாச்சுங்க்கா?"

"ஒண்ணும் ஆகல. அளவு கோணலாப் போச்சுன்னா கையை ஒடிச்சிருவேன், பாத்துக்க" என்றாள். துணி சுற்றின கட்டைவிரலை மடியில் வைத்து, இடது கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.